இலை உதிர்ந்த மிலாறு

இதை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டவள் நான். கடையில் வாங்கிய சாமானை மறந்துவிட்டு வந்தால், திரும்பிப் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே விட்டுவிடுவேன். வீட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். அப்படிப்பட்டவர்கள் எங்கள் வீட்டைப் பற்றி எழுதிய தாள் ஒன்று என் பெட்டிக்குள் கிடக்கிறது. அதை எடுத்துப் படிக்கும்போதெல்லாம் வாய் கசக்கிறது. அதனால்தான் என் பக்கத்தையும் எழுதிவைக்கிறேன்.

எங்கள் லயம் வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பரா, பத்து வீடு, பத்து அடுப்பு. போன வருடம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு திட்டம் வந்தது. சுற்றாடலைக் கெடுக்காத வீடு எது என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்களாம். அதற்காகக் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்தார். ஒரே ஒரு ஆளைச் சுமந்துகொண்டு ஒரு பெரிய வேன் மலையேறி வந்தது. அவர் எங்கள் வீட்டுக்குள் இருந்த அரை மணி நேரமும் அதன் எஞ்சினை நிறுத்தவே இல்லை.

மிஸ் நல்லவர்தான், சிரித்த முகம். ஆனால் கேட்ட கேள்விகள் இருக்கிறதே. தண்ணீரை வீணாக்காமல் இருக்கிறீர்களா என்றார். எங்களுக்குத் தண்ணீர் லயத்துக்குக் கீழே ஊற்றுப் பீலியில் விழுகிறது. வாளியில் பிடித்து எழுபது படி ஏறி வர வேண்டும். அரிசி களைந்த தண்ணீர் கோவாச் செடிக்குப் போகும், முகம் கழுவிய தண்ணீர் வாசலைக் கழுவும். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பக்கத்துக் காம்பரா அக்கா சும்மா இருக்கவில்லை.

"மிஸ், ஒரு வாளி தூக்கிட்டு வந்து பாருங்க. அப்பறமா கேளுங்க."

மிஸ் அதையும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

அடுத்து, பழைய பொருள்களைத் திரும்பப் பாவிக்கிறீர்களா என்று கேட்டார். அப்போது அவர் உட்கார்ந்திருந்ததே உர பேக்கைக் கழுவித் தைத்த பாயில்தான். என் கல்யாணச் சேலை பிள்ளைக்குத் தொட்டிலாகி, பிறகு திரையாகி, அன்றைக்கு அடுப்பங்கரையில் பாத்திரம் பிடிக்கும் துணியாகக் கிடந்தது. சாம்பலில் பாத்திரம் விளக்குகிறேன் என்றதும் படம் எடுத்துக்கொண்டார். கொழும்பில் அதற்குப் பெரிய மரியாதையாம். எங்கள் ஆட்களில் சோப்பு வாங்க முடிந்த வீடுகள் சாம்பலை மறந்து வருடக்கணக்காகிறது. அதை நான் சொல்லவில்லை. அவர் வருகிறார் என்று முதல் நாளே அடுப்பைச் சாணம் போட்டு மெழுகி வைத்தவள்தானே நான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அந்தத் திட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. கவ்வாத்து மலையிலிருந்து யாரும் விறகு எடுக்கக் கூடாது, எல்லாம் மண்ணிலேயே மக்க வேண்டும் என்றார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டுவதுதான் கவ்வாத்து. வெட்டி விழுகிற கிளைகளை மிலாறு என்போம். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு மலை கவ்வாத்துக்கு வரும். அந்த மிலாறுதான் அடுத்த கவ்வாத்து வரை எங்களுக்கு அடுப்பு. அது இல்லாவிட்டால் ஜூன் மாத மழையில் சோறு பொங்க வழியில்லை.

அதை எடுப்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. வெட்டி முடிந்த அன்றே ஒவ்வொரு வீட்டாரும் தங்களுக்குரிய செடி நிரையில் பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டு வந்துவிடுவோம். பிறகு இரண்டு மூன்று வாரம் யாரும் தொடமாட்டார்கள். இலை காய்ந்து செடிக்கடியில் உதிரும். உதிர்ந்தபின் குச்சியை மட்டும் கட்டிக்கொண்டு வருவோம். இலை மண்ணுக்கு, குச்சி அடுப்புக்கு. இலையோடு தூக்குகிறவளை லயமே ஏசும்.

மிஸ் மலையைப் பார்க்கப் போன அன்று அந்தச் சேலைத் துண்டுகள் பத்தும் கட்டியபடி இருந்தன. தாளில் எப்படி எழுதியிருக்கிறார் தெரியுமா? "மலையில் துணிக் குப்பை காணப்பட்டது." அதற்கு எங்கள் லயத்துக்குப் புள்ளி குறைத்திருக்கிறார். துண்டுகளையெல்லாம் அவிழ்த்து எறிந்துவிட்டு, மலைக்குக் காவலாக ஒரு வாச்சரையும் போட்டார்கள்.

எங்களை மலையில் வேலை வாங்கும் ஐயா அப்போது கூடவே நின்றார். அவர் இங்கு இருபது வருடமாக இருக்கிறார். ஒவ்வொரு கவ்வாத்திலும் அந்தத் துணிகளுக்கு நடுவே நடந்தவர். அவர் வாயைத் திறக்கவில்லை. விறகு புகை என்றும் கேஸ் நல்லது என்றும் மிஸ் சொன்னபோது ஆமாம் போட்டார். நாட்டில் கேஸே கிடைக்காத அந்த வருடம், ஐயா வீட்டுக்கு இரண்டு கட்டு மிலாறை நான்தான் தலையில் சுமந்துபோய்ப் போட்டேன். அந்த மிலாறு மட்டும் புகையவில்லை போலிருக்கிறது.

பரிசு எங்கள் வீட்டுக்கே கிடைத்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. என் வீட்டில் எறிவதற்கு எதுவும் இல்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் கூட்டம் வைத்தார்கள். பொலித்தீனைத் தவிர்ப்போம் என்று பிளாஸ்டிக் பேனரில் எழுதிக் கட்டியிருந்தார்கள். ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள். சோறும் பொலித்தீன் தாளில் சுற்றித்தான் வந்தது. பரிசு, என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பச்சைப் பிளாஸ்டிக் வாளி. குப்பையைப் பசளையாக்குவதற்காம். அக்கா அதைத் தட்டிப் பார்த்தார்.

"புள்ள, இதுக்குள்ள போடுறதுக்குக் குப்பைய எங்க போயி வாங்குறது?"

பரிசு வாங்குகிறவர் எல்லோருக்கும் சேர்த்து உறுதிமொழி வாசிக்க வேண்டும் என்று மிஸ் ஒரு தாளைக் கொடுத்தார். கடைசி வரியைத் திரும்ப ஒருமுறை படித்தேன். இனி கவ்வாத்து மலையிலிருந்து விறகு எடுக்க மாட்டோம் என்று எழுதியிருந்தது. அக்காவிடம் காட்டினேன்.

"ஒன் வாயால இத வாசிச்சேனா, மழைக்கி ஒம்பது வீட்டுச் சட்டியும் ஒன் அடுப்புக்குத்தான் வரும். பாத்துக்க."

தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை முன்வரிசையில் இருந்தார். மிஸ் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மைக்கில் என் குரல் யாரோ ஒருத்தியின் குரல் போலக் கேட்டது. தண்ணீரைச் சேமிப்போம் என்று வாசித்தேன். மின்சாரத்தைச் சேமிப்போம் என்று வாசித்தேன். எங்கள் காம்பராவில் இருப்பது ஒரு பல்ப். கடைசி வரிக்கு வந்ததும் தாளை மடித்துவிட்டேன்.

இன்னும் ஒரு வரி இருக்கிறது அம்மா என்று மிஸ் மெதுவாகச் சொன்னார்.

"அத வாசிக்க முடியாது மிஸ். எல உதிர்ற வரைக்கும் நாங்க மிலாறத் தொடுறதில்ல. எல மண்ணுக்கு விட்டுட்டுக் குச்சிய மட்டுந்தான் எடுக்குறோம். அந்தத் துணியெல்லாம் குப்ப இல்ல. யாரு நெர எதுன்னு கட்டி வச்ச அடையாளம்."

என் வாழ்க்கையில் இத்தனை பேர் முன்னால் பேசியது அது ஒன்றுதான். பேசி முடிக்கும் வரை வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு அந்த வாளி உதவியது.

தொரை ஐயாவின் பக்கம் திரும்பி, அப்படியா என்று சிங்களத்தில் கேட்டார். அப்படி ஒரு வழக்கம் இருப்பது தனக்குத் தெரியாது என்றார் ஐயா. இருபது வருடம் அந்தத் துணிகளை விலக்கி விலக்கி நடந்த மனிதர், என் முகத்தைப் பார்க்காமல் அதைச் சொன்னார். தொரை எழுந்து போனார். மிஸ் கை தட்டினார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. மற்றவர்களும் தட்டினார்கள். வேன் போனபின் போத்தலையும் சோற்றுத் தாளையும் பொறுக்கிக் கூட்டியது நானும் அக்காவும்தான். பச்சை வாளி அன்றைக்கே நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், தொரை கையெழுத்துப் போட்ட ஒரு தாளை ஐயா வாசித்தார். தோட்டத்தில் புது முறை ஒன்று வருகிறதாம். இலை உதிர்ந்த பிறகு குச்சியை மட்டும் எடுக்கலாம், நிரைக்கு அடையாளம் கட்டிக்கொள்ளலாம், எல்லோரும் அதைப் படித்துப் பழகிக்கொள்ள வேண்டும் என்றார். அன்று பின்னேரம் நாங்கள் மலைக்குப் போய்த் துணியைக் கட்டினோம். இலை இன்னும் உதிரவில்லை. திரும்பி வந்துவிட்டோம்.