கொல்லை மண்ணும் ஒரு கரண்டிப் பாலும்

பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் திரும்பும்போதே வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டேன். காலை வேளையில் ஒரு வீட்டு வாசலில் அத்தனை ஜோடி கிடந்தால் ஒன்று கல்யாணப் பேச்சு, இல்லையென்றால் சாவு. அந்த வீட்டில் கல்யாண வயதில் யாரும் இல்லை. என் கால் தானாக வேகம் பிடித்தது.

பெருமுக்கல் ஊருக்குப் பக்கத்தில் இருந்தது அந்த வீடு. திண்டிவனத்திலிருந்து தினமும் போய் அங்கே ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தக் கொல்லையில், அதாவது மானாவாரி நிலத்தில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. குளிப்பாட்டுவது, புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, மூத்திரப் பையைக் காலி செய்வது எல்லாம் என் வேலை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் என் வேலை இல்லை. விழுப்புரத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த நர்சம்மா அடிக்கடி சொல்வார்: "கண்ணு எல்லாத்தையும் பாக்கணும், வாயி பாத்ததைச் சொல்லணும், கை மட்டும் எல்லையைத் தாண்டக் கூடாது."

பெரியவருக்கு ஆபத்தெல்லாம் தொண்டையில்தான். தண்ணியாக எதைக் கொடுத்தாலும் புரையேறும். வயிற்றுக்குப் போகவேண்டியது நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் முதுகுக்குத் தலையணை கொடுத்து நன்றாக உட்காரவைத்து, கேப்பைக் கூழைக் கெட்டியாகக் கிண்டிச் சின்னக் கரண்டியால் ஊட்டுவேன். தொண்டைக் குமிழ் ஏறி இறங்கினால்தான் அடுத்த வாய். பதறாத காரியம் சிதறாது என்கிறார்களே, அதை முதலில் சொன்னவர் யாருக்காவது ஊட்டிப் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

அன்றைக்கு உள்ளே போனால், கட்டிலைக் கூடத்து நடுவுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். தலையணைகளை எடுத்துவிட்டு அவரை மல்லாத்திக் கிடத்தியிருந்தார்கள். கண் மூடியிருந்தது. மருமகள் சுவரோரம் விசும்பிக்கொண்டு நின்றாள். பெரியவரின் அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார், ஒரு கையில் டம்ளர், மறுகையில் கரண்டி.

"வாம்மா. விடியக்காலத்துலேந்து கண்ணைத் தொறக்கல. ஆளுக்கு ஒரு வாய் பாலை ஊத்திட்டா நிம்மதியாப் போய்ச் சேந்துருவான்."

"ஐயா" என்று கூப்பிட்டு நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. பையில் மூத்திரம் கொஞ்சமாக, டிகாஷன் நிறத்தில் கிடந்தது. மூத்திரம் குறைகிறது என்று முந்தின நாளே மருமகளிடம் சொல்லியிருந்தேன். டாக்டருக்குப் போன் பண்ணுவதாக மகனும் சொல்லியிருந்தார்.

"பெரியம்மா, ஜொரம் அடிக்குதுங்க. அதுல மயங்கிக் கெடக்கறாரோ என்னவோ. டாக்டர் பாத்துடட்டுமே."

"அந்த டாக்டருதானே வூட்டுல வச்சிப் பாத்துக்கங்கன்னு அனுப்பிச்சாரு? அதுக்கு இன்னாம்மா அர்த்தம்? நான் எம்மாம் சாவு பாத்துருக்கேன்!"

எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு இனி வைத்தியம் இல்லை என்று ஒரு அர்த்தம் உண்டுதான். ஆனால் இவருக்கு அதைச் சொன்னது வைத்தியம் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது. எப்படிப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று கூடவே சொல்லியனுப்பியதை யாரும் காதில் வாங்கவில்லை. வந்த நாளிலிருந்தே அவரைப் போகப்போகிறவராகத்தான் நினைத்திருந்தார்கள்.

பேசிக்கொண்டே தலையணைகளைத் திரும்ப வைத்து அவரை ஒருபக்கமாகச் சாய்த்தேன். மருமகள் புருஷனுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தாள். அவர் முகையூரிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தார்.

"போறாரா இருக்காரான்னு சொல்ல நான் டாக்டர் இல்லீங்க. ஆனா இப்படிக் கெடக்கறவரு வாயில பாலை ஊத்துனா மூச்சு அடைச்சிக்கும். அது எனக்குத் தெரியும்" என்றேன்.

"ஆம்புலன்ஸுக்கு நான் சொல்லிடறேன். அத்தையை மட்டும் நீங்க சமாளிங்க" என்று வைத்துவிட்டார்.

அவர் சொன்ன அத்தை, பெரியவரின் அக்கா, கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "தலைக்கு மேல வெள்ளம் போச்சு. இனிமே சாண் இன்னா, மொழம் இன்னா?"

"தலைக்கு மேல போச்சான்னு அவங்க வந்து பாக்கட்டும் பெரியம்மா. தொண்டைக்குள்ள நாமளே வெள்ளத்தை வுட வேணாம்."

ஜன்னலோரம் யாரோ சிரித்து, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தைக்கு முகம் சிவந்தது.

"வாய் மட்டும் நல்லா வச்சிருக்க. இவன் உசுரு இழுத்துக்கினு கெடக்கறது பாலுக்கில்ல, கொல்லைக்கு. ஏய், யார்னா ஓடிப்போய் கொல்லையிலேந்து ஒரு புடி மண்ணு அள்ளிக்கினு வாங்க. ஜல்தி!"

நிலத்தின் மேல் ஆசை வைத்தவர்கள் உயிர் பிரியாமல் கிடந்தால், அந்த மண்ணைக் கரைத்து வாயில் விடுவது வழக்கம். சுற்றி நின்ற பெண்கள் தலையாட்டினார்கள். கொட்டாங்கச்சியில் மண் வந்தது. அதைக் கரைக்க அத்தை தண்ணீர்ச் சொம்பை எடுத்தார்.

பாலே ஆகாத தொண்டைக்கு மண் தண்ணீர். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறதா என்று என் காது தெருவிலேயே இருந்தது. கூடப் பிறந்தவளின் கையைப் பிடித்துத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. சும்மா நிற்கவும் உரிமை இல்லை. கொட்டாங்கச்சிக்குள் சொம்பு சாயப்போன நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"பெரியம்மா, ஐயா அந்த மண்ணை எப்பனா குடிச்சாரா? கையாலதானே புடிச்சாரு? கையில குடுங்க."

சொம்பு நின்றது. அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மண்ணை அள்ளித் தன் பக்கமிருந்த தம்பியின் கையில் வைத்தார். விரல்கள் அசையவில்லை. மண் சரிந்து போர்வையில் கொட்டியது.

"பாத்தியா? ஒண்ணுமில்ல." அவர் குரல் உடைந்தது.

"அது வாதம் வந்த கைங்க. இந்தப் பக்கம் வாங்க."

கட்டிலைச் சுற்றி வந்து இடது உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி மண்ணை மூடிக்கொண்டன.

மயக்கத்தில் இருப்பவர் கையில் எதை வைத்தாலும் சிலசமயம் விரல் தானாக மூடும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். இது அதுவா, வேறா, எனக்குத் தெரியாது. அன்றைக்கு அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

"புடிக்கிறான்டி! எந்தம்பி புடிக்கிறான்டி!" அத்தை அலறி, மருமகள் பக்கம் திரும்பினார். "இன்னாடி மரமாட்டம் நிக்கற? அந்தப் பாலை அப்பால எடுத்துக்கினு போ!"

ஆம்புலன்ஸ் வந்ததும் காய்ச்சல், மூத்திரம், கண் திறக்காதது, தொண்டை என்று பார்த்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். ஸ்ட்ரெச்சரில் ஏற்றியவர், "கையில இன்னாங்க அது?" என்று விரலைப் பிரிக்கப் போனார்.

"அது அவன் கொல்லை. புடுங்காத" என்றார் அத்தை.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் மூத்திரத்தில் கிருமி என்றார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்தார், அதே வாதத்தோடு, அதே தொண்டையோடு. முதல் நாள் குளிப்பாட்டும்போது இடது கை நகக்கண்ணில் செம்மண் இன்னும் ஒட்டியிருந்தது.

அன்றைக்கு அத்தையும் வந்தார். நான் கூழ் ஊட்ட, எதிரே உட்கார்ந்து தம்பியின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கரண்டியை எடுத்தபோது கையை நீட்டித் தடுத்தார்.

"இரு. ஏறிச்சி, இன்னும் எறங்கல."

காத்திருந்தோம்.

"ம். எறங்கிச்சி. இப்ப குடு."