இடது தோள் அரை இஞ்ச்

தங்கையின் கல்யாணத்துக்கு முந்தைய மாதம் என் அறைச் சுவரில் நான்கு ஆணிகளில் நான்கு பைகள் தொங்கின. முதல் பையில் பின்னல் ஊசிகளோடு ஒரு குழந்தை ஸ்வெட்டர். இரண்டாவதில் எதிர்வீட்டு அக்காவின் பட்டுப்புடவை. அதன் முந்தானைக்குக் குச்சு கட்ட வேண்டும். மூன்றாவதில் தங்கையின் முகூர்த்த ஜாக்கெட். நான்காவதில் இறந்துபோன ஒரு பெண்ணுக்குத் தைக்க வேண்டிய ஜாக்கெட்.

எனக்கு இருந்த நேரம் கொஞ்சம். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். வந்து விழும் உதிரி பாகங்களை அளந்து, சரி, சரியில்லை என்று பிரிப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். அதனால் எதையும் எழுதி வைத்துச் செய்வேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கம்பெனி பஸ்ஸில் போகவும் வரவும் பின்னல். குலுக்கலில் கத்தரிக்கோல் பிடிக்க முடியாது, கம்பளி நூலோ குலுக்கலைப் பொருட்படுத்தாது. சாயங்காலம் டீ குடித்ததிலிருந்து சோறு வடிக்கும் வரை குச்சு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெஷின்.

அம்மாவுக்கு இந்தப் பட்டியலைப் பார்த்தாலே சிரிப்பு.

“இந்த வெயில்ல யாருக்குடி கம்பளிச் சட்டை?”

“கூட வேலை செய்யுற பொண்ணோட கொழந்தைக்கும்மா. அவங்க ஊரு கோத்தகிரி. அங்க குளுரும்.”

“நீ போற பெங்களூர்லயுந்தான் குளுருது. உனக்கு ஒண்ணு போட்டுக்க நேரமில்ல, ஊருக்கெல்லாம் பின்னிக்கினு கீற.”

கல்யாணம் முடிந்த மறுவாரம் பெங்களூர் கிளையில் சேரச் சொல்லி எனக்குக் கடிதம் வந்திருந்தது. நானே கேட்டு வாங்கிய மாற்றம். அப்பாவைச் சம்மதிக்க வைக்க மூன்று மாதம் ஆயிற்று.

நான்காவது பையில் இருந்தது அத்தையின் ஜாக்கெட். அப்பாவின் தங்கை. நான் பிறப்பதற்கு முன்பே, அவளுடைய கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் அப்படிப் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் புதுத்துணி வைத்துப் படைக்க வேண்டும். படைத்த துணியை அன்றைக்கே வீட்டில் கல்யாணமாகாத மூத்த பெண் உடுத்த வேண்டும். இதுவரை தைக்காத ஜாக்கெட் துணியைத்தான் வைத்தார்கள். இந்த முறை அம்மா, “வூட்ல தைக்கிற பொண்ணு இருக்குது, தச்சே வெச்சுடலாம்” என்று சொல்லிவிட்டாள்.

அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்டை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அத்தை தன் கல்யாணத்துக்காகக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தது. அரக்குப் பட்டு. வலது கை வைத்து முடித்திருந்தாள். இடது கை இரண்டு விரல் அகலத்துக்குத்தான் சேர்ந்திருந்தது. அந்த இடத்தில் ஊசி துருப்பிடித்துத் துணியோடு ஒட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதினேன். மார்பு, இடுப்பு, கை நீளம், முதுகு. இடது தோளுக்கு வந்ததும் மறுபடி அளந்தேன். வலதைவிட இடது அரை இஞ்ச் இறக்கமாக இருந்தது. கைப்பிழை இல்லை, வேண்டுமென்றே வெட்டியிருந்தாள்.

நோட்டை நான்கு பக்கம் பின்னால் புரட்டினேன். அங்கே என் அளவு இருந்தது. என் இடது தோளும் அரை இஞ்ச் இறக்கம். கடையில் வாங்கும் எந்தச் சட்டையும் எனக்கு இடது பக்கம் நழுவும். அதனால்தான் தைக்கவே கற்றுக்கொண்டேன். மார்பு, இடுப்பு, கை நீளம், முதுகு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கால் இஞ்ச்கூட வித்தியாசமில்லை.

அத்தைக்குப் போட்டோ கிடையாது. யார் சாயலும் எனக்கு இல்லை என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த அந்த அறையில் இரண்டு முழங்கையும் சில்லிட்டு, நோட்டை மூடி வைத்தேன்.

பயம் அத்தையைப் பற்றி மட்டும் இல்லை. அப்பாவின் அண்ணி, என் பெரியம்மா. அவளுடைய மகள் ஒரு படையலில் தலைசுற்றி விழுந்தாள். அத்தை அவள்மேல் இறங்கிவிட்டாள் என்று சொல்லி, மூன்று வருஷம் அவளை ஊர் எல்லை தாண்ட விடவில்லை. அத்தையின் அளவில் தைத்த ஜாக்கெட் பெரியம்மாவின் கண்ணெதிரே எனக்குக் கச்சிதமாக உட்கார்ந்தால், பெங்களூர் அன்றோடு சரி.

அதனால் பொய்யாக வெட்டினேன். இரண்டு தோளையும் சமமாக்கினேன். தொழிலில் ஒருநாளும் அளவை மாற்றி எழுதியதில்லை. அந்த வாரம் பஸ்ஸில் பின்னும்போது கண்ணி தவறிக்கொண்டே இருந்தது. குச்சு முடிச்சுகள் கோணின. ஸ்வெட்டரின் இடது கை மட்டும் எப்படியோ நீளமாக வளர்ந்தது; இரண்டு முறை பிரித்துப் போட்டேன்.

படையல் வெள்ளிக்கிழமை சாயங்காலம். எங்கள் பூர்வீகம் பெங்களூர் ரோட்டோரம் இருக்கும் தாமல். அந்த ஊர் ஏரியில் முகந்த தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து வைத்து, குடத்துக்குப் புடவை சுற்றி, ஜாக்கெட்டைத் தோள்போல மேலே விரித்தார்கள். பெரியம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“பெரியவ ஊசிய புடிச்சிக்கினு ஒக்காந்துகினு கீறா, சின்னவ கழுத்துல தாலி ஏறப்போவுது. பூவாடக்காரிக்காவது ஒழுங்கா தச்சியா?”

“தச்சிருக்கேன் பெரியம்மா.”

கற்பூரம் ஏற்றியதும் ஜாக்கெட் இடது பக்கமாக நழுவி விழுந்தது. அம்மா எடுத்துச் சாத்தினாள். மறுபடி விழுந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு மூன்றாம் முறை சாத்தினார்கள். அறையில் காற்றே இல்லை. யாரோ ஒருத்தி தோளைக் குலுக்கிக் கழற்றுவதுபோல, மெதுவாக, இடது பக்கமாகவே இறங்கியது.

“ஏத்துக்கல” என்றாள் பெரியம்மா. “இந்தக் கல்யாணத்துல அவளுக்கு இஷ்டமில்லபா. மாப்ள வூட்டுக்குச் சொல்லி அனுப்புங்க, தள்ளிப் போடட்டும்.”

தங்கை என் கையைப் பிடித்தாள். மருதாணி வைத்த விரல்கள் ஐஸ் போலிருந்தன. “அக்கா, நான் இன்னாக்கா பண்ணேன்?” என்றாள்.

அவள் ஒன்றும் செய்யவில்லை. செய்தது நான். “அளவை நான்தான் மாத்திட்டேன்” என்று எழுந்தேன். ஜாக்கெட்டை எடுத்துப் போய் மெஷினில் உட்கார்ந்து, இடது தோளைப் பிரித்து, அரை இஞ்ச் இறக்கித் தைத்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். இத்தனை பேர் இருக்கும் வீட்டில் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

குடத்துக்கு ஏற்ற இறக்கம் கிடையாது. சமமாகத் தைத்தது அதில் நின்றிருக்க வேண்டும், கோணலாகத் தைத்தது நழுவியிருக்க வேண்டும். அளவு பார்ப்பதே பிழைப்பான எனக்கு இன்றுவரை கணக்கு உதைக்கிறது. ஏனென்றால் அது நின்றது. கற்பூரம் எரிந்து அணையும் வரை அசையவில்லை.

பிறகு நான் அதை உடுத்த வேண்டியிருந்தது. உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தேன். குடத்துத் தண்ணீர் பட்டதோ என்னவோ, பட்டு சில்லென்று இருந்தது. கடைசி ஹூக் வரை இழுக்காமல் விழுந்தது. பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பழைய ஜாக்கெட்டை எடுத்து என் முதுகில் வைத்துப் பார்த்தாள்.

“இவளேதான்” என்றாள். “இவ மேலதான் கீறா. இவள எங்கயும் அனுப்பாதீங்க.”

அப்பா தலை குனிந்தார். மூன்று மாதச் சம்மதம் அந்தக் குனிவில் போய்விட்டது என்று நினைத்தேன். அப்போது அம்மா, விழுந்த பூவைப் பொறுக்கியபடியே, தலை நிமிராமல் சொன்னாள்:

“அக்கா, உசுரோட இருக்கசொல்ல அந்தப் பொண்ணு தாமல் ரோட்டாண்ட நின்னுகினு பெங்களூர் பஸ்ஸையே பாத்துகினு இருக்குமாம். வூட்டுத் தறியில பொடவக் கரைக்கு நாடா தள்ளி வுட ஆளு வேணும்னு ஒக்கார வெச்சு, எங்கயும் அனுப்பல. இப்பவும் மறிச்சா சும்மா வுடுவாளா? எனக்குப் பயமா இருக்குது. நீங்க வேணா நின்னு மறிச்சிக்கங்க.”

பெரியம்மா மறிக்கவில்லை. தங்கையின் கல்யாணம் சொன்ன நாளில் நடந்தது. ஸ்வெட்டரும் குச்சும் முகூர்த்த ஜாக்கெட்டும் அதற்கு முன்பே முடிந்தன.

கிளம்பும் நாளில் அம்மாவிடம் கேட்டேன். அத்தை இறந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அம்மா அந்த வீட்டுக்கே வந்தாள். “பஸ் விஷயத்த உனக்கு யாரும்மா சொன்னாங்க?” என்றேன்.

அம்மா யோசித்தாள். எனக்காகக் கட்டிவிட்ட கதை என்று சொல்லி அவள் சிரிப்பாள் என எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. “யாரும் சொன்ன மாதிரி நெனப்பில்லடி” என்றாள். பழைய ஜாக்கெட்டை என் பையில் வைத்து, “அந்தக் கைய மட்டும் முடிச்சுடு” என்றாள்.

நான் வேலைக்குச் சேர்ந்ததையும் பெங்களூருக்கு வந்ததையும் என் படிப்பின் பெருமையாக இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பெங்களூர் பஸ் தாமலைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ரோட்டோரம் யாரும் நிற்கவில்லை.

இங்கே என் அறையில் ஒரே ஆணி, ஒரே பை. துருப்பிடித்த ஊசியை எடுத்துவிட்டு, புது ஊசியில் அரக்கு நூல் கோத்து இடது கையைத் தைத்து வருகிறேன். நூலின் சாயம் மட்டும்தான் வேறு. தையலின் இடைவெளியை டேப் வைத்துப் பார்த்தேன், அவளுடையதும் என்னுடையதும் ஒன்று. இன்னும் ஒரு இஞ்ச் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நேரம் இருக்கிறது. இருந்தும், முடித்தால் அதை உடுத்தப்போவது நானா அவளா என்று தெரியாமல், அந்த ஒரு இஞ்சை விட்டு வைத்திருக்கிறேன்.