பாடும் நாளில் தம்பி பேசுவதில்லை

எனக்கு எழுபத்தைந்து வயது நடக்கிறது. ஏழு பேரை வளர்த்திருக்கிறேன். நான் பெற்றது மூன்று, அம்மா என் கையில் விட்டுப் போனது நான்கு. அந்த நான்கில் கடைசி, தம்பி. இந்த நினைவு மலரில் எல்லாரும் அவனை 'அவர்' என்று எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும், அந்த மரியாதைக்கு உரியவன்தான். ஆனால் பத்து மாதக் குழந்தையாக என் இடுப்பில் ஏறியவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். வேதப்புத்தகத்தின் அச்செழுத்தை விரல் வைத்து வாசிப்பேன். அதைப் பார்த்து அதே மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதவும் செய்வேன். ஆனால் பிறர் வேகமாக எழுதிய கையெழுத்தை என்னால் வாசிக்க முடியாது. இதை நான் பெற்ற பிள்ளைகளுக்கும் சொன்னதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

தம்பி பிறந்தது பாளையங்கோட்டையில். அப்பா சபையில் பாடகர் குழுவை நடத்தினார்கள். ஒரே பாட்டை நான்கு குரலாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆண்களில் மேலே ஏறிப் பாடுகிற குரலுக்கு டெனர் என்று பெயர். மீசை அரும்பும்போதே தம்பியை அந்த வரிசையில் நிறுத்திவிட்டார்கள். "கடைசி பெஞ்சுல இருக்க கிழவிக்குக் கேக்கணும்ல" என்பார்கள். அப்பா சொல்லிக்கொடுத்ததில் பாதி அதுதான்.

அப்பா பிள்ளைகளை அடித்ததில்லை. தப்புச் செய்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சின்னத் தப்புக்கு ஒரு நாள், பெரிய தப்புக்கு ஒரு வாரம். சாப்பிட உட்காரும்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவனுக்குக் குழம்பு ஊத்து" என்று என்னிடம்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

கெமிஸ்ட்ரி மேல்படிப்புக்கு அமெரிக்கா வந்த தம்பி, இரண்டாம் வருஷம் அதை விட்டுவிட்டுப் பாட்டுப் படிக்கப்போவதாகக் கடிதம் போட்டான். ஆப்பரா என்று எழுதியிருந்தான். வேஷம் கட்டி, கதை முழுவதையும் பாட்டாகவே பாடி நடிப்பது என்று பள்ளிக்கூட வாத்தியார் எங்களுக்கு விளக்கினார். அப்பா அன்றே பேச்சை நிறுத்தினார்கள். கடல் தாண்டி இருப்பவனிடம் அது சுலபம், பதில் போடாமல் இருந்தால் போதும். நானும் அப்பா பக்கம் நின்றேன். கூத்தாடப் போனவனுக்கு என்ன கடிதம் என்று இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லி ஒரு வரிகூட எழுத வைக்கவில்லை. அப்பா மறுபடி அவனிடம் பேசாமலே காலமானார்கள். அதன்பிறகுதான் நான் பேசினேன்.

என் கணவர் போனபின், 2001-இல் மகள் என்னை அமெரிக்காவுக்கு, தான் இருந்த பிளெய்ன்ஸ்பரோவுக்கு அழைத்துக்கொண்டாள். தம்பி முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பகலில் மருந்துக் கம்பெனி லேபில் வேலை, மற்ற நேரமெல்லாம் பாட்டு. சின்னச் சின்ன ஆப்பராக் கம்பெனிகளில் கடிதம் கொண்டுவருகிறவன், பூசாரி, ராஜாவின் வேலைக்காரன் என்று வேஷம் கிடைக்கும். கதாநாயகனாகப் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் பதிலுக்குப் பாட ஒருவரைத் தயாராக வைத்திருப்பார்கள். அதையும் தம்பி செய்தான். இத்தாலிய மொழியில், பிரெஞ்சில், ஜெர்மனில் பத்துப் பன்னிரண்டு கதாநாயகர்களை நெட்டுருப் போட்டு வைத்திருந்தான். அத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் தொண்டை கட்டவில்லை.

நம் ஊர்க் கடைகள் இருக்கிற ஐசலினுக்குப் போகும்போது ஊர்க்காரர்கள், "உங்க தம்பி என்ன பண்றார் ஆன்ட்டி?" என்று கேட்டால், "மருந்துக் கம்பெனியில இருக்கான்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதுவும் என் கணக்கில்தான் சேர வேண்டும்.

மாதம் ஒரு முறை சாப்பிட வருவான். "யக்கா, நாங்க பாடுறதுக்கு மைக் கிடையாது, தெரியுமா?"

"மைக் இல்லாம எவன்ல கேப்பான்?"

"சின்ன வயசுல என்னைச் சாப்பிடக் கூப்புடும்போது நீ மைக்கா வச்சிருந்த? மூணு தெரு தள்ளிக் கேட்டுச்சுல்லா?"

2002 வசந்தத்தில் ஒரு நாள் போன் செய்தான். "யக்கா, ஹீரோவா பாடுறவருக்கு ஆபரேஷனாம். எனக்கு வந்துட்டு. சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷோ. நீ வெள்ளிக்கிழமையே எங்க வீட்டுக்கு வந்துரு."

"அம்பத்திரெண்டு வயசுல ஹீரோவா? ஹீரோயினுக்கு என்ன வயசுல?"

"அவளுக்குப் பேரனே இருக்கான். நீ வா."

போனேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை காலையில் எழுந்து இட்லி ஊற்றினேன். தம்பி கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். தூக்கம் வந்ததா என்றேன், சிரித்தான். சட்னி காரமா என்றேன், தலையை ஆட்டினான். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்றேன். தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு, ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதி என் முன்னால் வைத்தான். வேகமான கையெழுத்து. வாசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் அதைப் பார்த்து, "சரி" என்று தலையசைத்தேன். அவன் நிம்மதியாகக் குளிக்கப் போனான்.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. பேச்சை நிறுத்திவிட்டான். அப்பா செய்ததை, நான் இரண்டு வருஷம் செய்ததை, இத்தனை காலம் மனதில் வைத்திருந்து, வீட்டுக்கு அழைத்து, சோற்றுக்கு முன்னால் உட்கார வைத்துத் திருப்பிக் கொடுக்கிறான். குற்றம் என்னிடம் இருந்ததால்தான் அப்படித் தோன்றியது என்று இன்று தெரிகிறது. அன்று மகளுக்குப் போன் போட்டு உடனே வா என்றேன்.

கார் வந்ததும் தம்பி படியிறங்கி ஓடி வந்தான். என் கையிலிருந்த காகிதத்தைச் சுட்டிக் காட்டினான். "வாசிச்சுட்டேன், வாசிச்சுட்டேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அப்போதும் அவன் வாய் திறக்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு அங்கேயே நின்றான்.

சிவப்பு விளக்கில் நின்றபோது மகள் அந்தக் காகிதத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தாள். 'யக்கா, பாடும் நாளில் நாங்கள் பேசுவதில்லை. குரலைச் சேர்த்து வைக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே. திரை விழுந்ததும் முதல் பேச்சு உன்னோடுதான்.'

"அம்மா, நீங்க இதைப் படிக்கலையா? இன்னும் டைம் இருக்கு. அடுத்த எக்ஸிட்ல ரிட்டர்ன் பண்ணிடட்டுமா?"

திரும்பிப் போனால் எனக்குக் கையெழுத்து வாசிக்கத் தெரியாது என்பது மகளுக்கும் தம்பிக்கும் தெரிந்துவிடும். என்னை நிறுத்தியது அது ஒன்றுதான். "படிச்சுட்டேன்டி. எனக்குத் தலை வலிக்கி. வீட்டுக்கு ஓட்டு" என்றேன்.

ஒரு வார்த்தை பேசியிருந்தால் இறங்கியிருப்பேனே என்று பல நாள் அவனைக் குறை சொல்லிக்கொண்டேன். பாதி ஆயுள் காத்திருந்து கிடைத்த ஒரு மத்தியானத்துக்காக அவன் வாயை மூடி நின்றான். நான்தான் ஒரு பொய்யைக் காப்பாற்ற வாயைத் திறந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு டெலிபோன் அடித்தது. நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். மகள் எடுத்து, "அம்மா, மாமா. முதல் பேச்சு உங்களோடதானாம்" என்று நீட்டினாள். கையெல்லாம் பூண்டு என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் வழக்கம்போலச் சாப்பிட வந்தான். ஏன் போனாய் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஷோவுக்கும் எனக்கு ஒரு டிக்கெட் தபாலில் வரும். மறுபடியும் வேலைக்காரன், மறுபடியும் கடிதக்காரன். இன்னொரு முறை பெரிய வேஷம் வரட்டும், அப்போது போய் முன்னால் உட்காரலாம் என்று டிக்கெட்டுகளை வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன். பெரிய வேஷம் வரவில்லை. நாலு வருஷம் கழித்து, "யக்கா, குரல் மேல போக மாட்டேங்கு. நிறுத்திட்டேன்" என்று சாதாரணமாகச் சொன்னான். "எனக்கு இங்க ஒரு பாட்டுப் பாடேன்" என்று கேட்டேன். "டிக்கெட் அனுப்பும்போதெல்லாம் வராம, இப்ப ஓசியில கேக்கியா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அவனுடைய பாட்டை மேடையில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

சென்ற வருஷம் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்த ஆறு நாளும் அவன் வாயில் குழாய் இருந்தது. பேச முடியாது, ஆனால் காது கேட்கும் என்று நர்ஸ் சொன்னதாக மகள் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் காகிதத்தை நான் வாசிக்கவில்லை, எனக்கு வாசிக்க வராது என்றும் சொன்னேன். என் கையைப் பிடித்திருந்தான். அன்றும் அவன் பேசவில்லை. அன்று நான் எழுந்து போகவில்லை.

அந்த ஆறு நாளும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும், வாரக்கணக்கில் சோறு கொண்டுவந்த எங்கள் அப்பார்ட்மென்ட் அக்கம்பக்கத்தாருக்கும், சபையாருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்து கல்லறையில் மைக் இல்லாமல் பாடிய அவனுடைய மேடை நண்பர்களுக்கும் என் நன்றி. கடைசியில் நின்ற எனக்கு அவர்கள் பாடியது கேட்டது. இனி யாராவது என் தம்பி என்ன செய்தான் என்று கேட்டால், ஆப்பராவில் டெனர் பாடினான் என்றே சொல்வேன்.

பேத்தி ரூத், நீ தமிழ்ப் பள்ளியில் படிக்கிறவள். இதை முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. தப்பு இருந்தால் இருக்கட்டும், நிறுத்தாதே. கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி வாசி. நீ முடிக்கும்வரை நான் பேசமாட்டேன்.