நல்லம்மாள் தைத்த திரை

ஆர்தர் வீட்டு முற்றத்தில் கோழிகளுக்கு இடமில்லை. எஞ்சின் வெடித்த ஃபோர்டு கார் ஒன்று, கதவில்லாத ஃபோர்டு இன்னொன்று, சக்கரங்கள், விளக்குகள், துருவேறிய ஸ்பிரிங்குகள். எதையும் எறிய அவருக்கு மனம் வராது. உடைந்த திருகாணியைக்கூடத் துடைத்து டப்பியில் போடுவார்.

"கோழி முட்ட போடறதுக்காச்சும் ஒரு மூல விடுங்க," என்பாள் மனைவி அமலம்மாள்.

"கார்ல போடச் சொல்லு. மெத்த இருக்கு."

பகலில் அவர் ஒரு கம்பெனித் துரையின் டிரைவர். மாலையில் டத்தோ கிராமட் சாலைச் சந்துக்குள் இருந்த தம் வீட்டில் பழைய கார்களைப் பிரித்துக் கோத்துக்கொண்டிருப்பார். துரைமார் கழித்துப்போட்ட வண்டி, அவர் கைபட்டால் இன்னும் பத்து வருஷம் பினாங்குத் தெருக்களில் ஓடும். சாலையில் போகும் காரின் சத்தத்தைக் கேட்டே, எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று வீட்டுக்குள்ளிருந்தே சொல்லுவார்.

1928இல் அவருடைய அப்பா இறந்தார். ஐப்பசி மழை. பெட்டியைச் சுமந்துபோன நால்வரில் ஒருவர் வழுக்கி விழ, பெட்டி சாலையோர லோங்காங்கில் சரிந்து சாக்கடைத் தண்ணீரில் பாதி முழுகியது. பெட்டியைத் தூக்கி நிறுத்தியபோது ஆர்தர் அழவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் அந்தக் கதவில்லாத ஃபோர்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஒரு வருஷம் உழைத்தார். பின்பாதியை அறுத்து நீட்டினார். தேக்குப் பலகையில் தளமும், பெட்டி உள்ளே வழுக்கிப் போக உருளைகளும், நான்கு தூண்களுக்கு மேல் கூரையும் வைத்தார். குழியில் இறங்கி ஏறினாலும் பெட்டி குலுங்கக் கூடாது என்று மூன்று கார்களின் ஸ்பிரிங்குகளைச் சேர்த்துப் பார்த்துக் கடைசியில் ஒரு லாரி ஸ்பிரிங்கை மெலிதாக்கிப் போட்டார். பக்கங்களுக்குக் கறுப்புத் திரை வேண்டியிருந்தது. அதைத் தைத்துக்கொடுத்தவள் நல்லம்மாள்.

நல்லம்மாள் தெருக்கூட்டுகிறவள். வேதக்கோயிலுக்குப் பின்சந்தும் ஆர்தர் வீட்டுச் சந்தும் அவளுடைய பாத்தியம். புருஷன் அய்யாக்கண்ணு சாக்கடை அள்ளுகிறவன். இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆனால் அய்யாக்கண்ணுவின் ஞானஸ்நானப் பெயரைச் சபைப் புத்தகத்தில்கூட எழுதவில்லை. கோயிலில் கடைசி வரிசைக்கு முன்னால் இடுப்பு உயர மரத்தடுப்பு ஒன்று உண்டு. அவர்கள் அதற்குப் பின்னால் முழந்தாளிடுவார்கள். உலகத்தின் பாவங்களை எல்லாம் சுமந்தவர் என்று பூசையில் ஓதுவார்கள். அந்தத் தடுப்பை மட்டும் சுமந்துகொண்டுபோய் வெளியே போட ஒருவருக்கும் கை வரவில்லை. ஆர்தருக்கும்தான். முன்வரிசையில் பிறந்து வளர்ந்தவர், திரும்பிப் பார்த்ததில்லை.

நல்லம்மாள் ஒரு மாதம் உட்கார்ந்து வெள்ளிச்சரிகை ஓரம் வைத்துத் தைத்தாள். ஒரு மூலையில் சின்னதாகச் சிலுவைப்பூ ஒன்று.

"எதுக்கு இவ்வளவு பாடு?" என்று கேட்டார் ஆர்தர்.

"கடைசிச் சவாரி ஆச்சேண்ணே. நானும் ஒரு நாளு இதுல போவேன்ல."

"நூறு வயசுக்கப்பறம் ஏத்திக்கிறேன், போ."

வண்டியை ஆர்தர் கோயிலில் சாவுக் காரியம் பார்க்கும் நன்மரண சபைக்குக் கொடுத்தார். சபையின் காரியதரிசி பாக்கியநாதன், துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. ஆர்தர் மகள் கேத்தரினுக்கு ஞானத்தகப்பன். "தனி ஆளு பேர்ல சவ வண்டின்னா லைசென்ஸுக்கு அலையணும்லா. சபை பேர்ல பதிஞ்சிடுவோம், தம்பி," என்றார். ஆர்தர் கையெழுத்துப் போட்டார். கோயில் முற்றத்தில் பாக்கியநாதன் தீர்மானத்தை உரக்க வாசித்தார்: 'சபையில் இறக்கும் எந்த ஆத்துமாவுக்கும் வேற்றுமையின்றி.' எல்லோரும் கைதட்டினார்கள். தடுப்புக்குப் பின்னால் நிற்பவர்களும்.

பாக்கியநாதனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் ஆர்தர்தான். காலடிக்கு முன்னால் இருந்த மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே செங்கல் மாதிரி, எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் நான்கு காயில்கள். "தெருவுல விட்டுட்டுப் போனா இந்த நாலையும் உருவிப் பையில போட்டுக்குங்கண்ணே. எவனாலயும் வண்டியக் கிளப்ப முடியாது."

இரண்டு வருஷம் கழித்து, ஈஸ்டரன்று, வண்டியில் ஊதாப் பட்டுத் திரை புதிதாகத் தொங்கியது. "பழசு மழையில நஞ்சுபோச்சு தம்பி," என்றார் பாக்கியநாதன். ஆர்தர் நம்பினார்.

அதே வருஷம் ஐப்பசியில் நல்லம்மாள் காய்ச்சலில் இறந்தாள். மறுநாள் காலை அய்யாக்கண்ணு ஆர்தர் வீட்டு வாசலுக்கு வெளியே நின்றான்.

"அண்ணே, கோயில்ல போயி வண்டி கேட்டேன். ரோசாக்காம். பழுதாம். கிளம்பாதாம்."

"ரோசாக்கா? ஞாயித்துக்கிழமதான ஓடிச்சு?"

"அப்பிடித்தான் சொன்னாங்க."

ஆர்தருக்குச் சந்தேகம் வரவில்லை. கருவிப் பையை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். வண்டி என்றால் பழுதாகும். அவருக்குத் தெரிந்த உலகத்தில் பழுது என்றால் பழுதுதான்.

முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றினார். வழக்கமாகத் தேனீக்கூட்டம் போல் இரையும் காயில்கள் மூச்சுக் காட்டவில்லை. மரப்பெட்டியைத் திறந்தார். நான்கு அறைகளும் காலி.

கோயில் அலுவலக வராந்தாவில் பாக்கியநாதன் உட்கார்ந்திருந்தார்.

"காயில் எங்கண்ணே?"

"எந்தக் காயில்? எலி கிலி இழுத்துட்டுப் போயிருக்கும்லா."

"எலி பெட்டியத் தெறந்து நாலையும் உருவாது. நான் சொல்லிக் கொடுத்தேன், நீங்க கழட்டியிருக்கீங்க."

பாக்கியநாதன் மடியிலிருந்த கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "கத்தாத. உனக்கு மெஷினு தெரியும், மனுசன் தெரியாது. இன்னிக்கு அவள ஏத்தினா நாளைக்கு முப்பது குடும்பம் சபைய விட்டுப் போயிடும். எங்கம்மா தொண்ணூறு வயசு. அந்தப் பலகையில, அவ கெடந்த எடத்துல, எங்கம்மாவப் படுக்க வைக்கச் சொல்றியா?"

"எந்த ஆத்துமாவுக்கும்னு நீங்கதானே வாசிச்சீங்க?"

"வாசிக்கிறதுக்கு வாசிச்சேன்."

"அவ தைச்ச திரையிலதான் இத்தன பேரு போனாங்க!"

"அதான் தெரிஞ்சதும் கழட்டிட்டமே," என்றார் பாக்கியநாதன், ஒரு நல்ல செய்தி சொல்வது போல.

ஆர்தர் அந்த மனிதரைப் பார்த்தார். தம் மகளைத் தீர்த்தத் தொட்டிக்கு மேல் ஏந்திய கை அது. திரை மழையில் நைந்துபோனதாகச் சொன்ன வாய் இது. ஈஸ்டரிலிருந்து ஐப்பசி வரை எத்தனை முறை தம் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறார்!

ஆர்தர் வீட்டுக்குப் போய், எஞ்சின் வெடித்த ஃபோர்டிலிருந்து நான்கு காயில்களையும் உருவிக்கொண்டு வந்தார். இரண்டாவது சுழற்றலில் வண்டி கிளம்பியது.

பாக்கியநாதன் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். "சபை பேர்ல இருக்கிற வண்டி! போலீஸுக்குப் போவேன்!"

"போங்க. ரோசாக்கான வண்டி எப்பிடிண்ணே திருடு போச்சுன்னு கேப்பான். யோசிச்சு வச்சுக்குங்க."

பாக்கியநாதன் விலகினார்.

தோட்டிகளின் வீட்டு வரிசையில் வண்டி நுழைந்ததும் சனங்கள் வழிவிட்டார்கள். வீட்டு வாசலில் பெட்டி இருந்தது. ஆர்தர் இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பெட்டியின் மேல் கறுப்புத் துணி. வெள்ளிச்சரிகை ஓரம். மூலையில் சிலுவைப்பூ.

"இது எங்கிருந்து தம்பி?"

"ஆறு மாசமா ஊட்லதாண்ணே இருக்கு," என்றான் அய்யாக்கண்ணு. "கோயில் பின்சந்து குப்பையில கெடந்துச்சாம். கூட்டறப்ப பாத்துட்டு எடுத்தாந்தா. தொவைச்சு மடிச்சு வச்சா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"நாஞ் சொல்லலாம்னேன். வேணாம்னுட்டா. அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சா தாங்காதுன்னா."

ஆர்தர் வண்டியின் பக்கம் திரும்பினார். ஊதாப் பட்டுத் திரையைக் கொக்கிகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் போட்டார். கறுப்புத் திரையை மாட்டும்போது அவர் விரல்களுக்குக் கொக்கி பிடிபடவில்லை, அய்யாக்கண்ணுதான் மாட்டினான். பெட்டி உருளைகளின் மேல் சத்தமின்றி உள்ளே போயிற்று.

பட்டப்பகலில், பெரிய சாலை வழியாக, மனிதர் நடக்கும் வேகத்தில் ஓட்டினார். கோயில் வாசலைக் கடந்தபோது மணி அடிக்கவில்லை. மழை பெய்தது. வண்டி குலுங்கவில்லை.

அடக்கம் முடிந்து வண்டியைத் திரும்பக் கொண்டுபோனபோது கோயில் கேட்டு பூட்டியிருந்தது. சபை அதைத் தொடாதாம். தீட்டாம். கழுத்தில் சிலுவை தொங்கும் மனிதர்கள் கம்பிகளுக்கு உள்ளே நின்று அந்த வார்த்தையைச் சொன்னார்கள். போலீஸுக்கு ஒருவரும் போகவில்லை. போனால் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமே.

வண்டி முற்றத்துக்கே வந்து சேர்ந்தது. அதன் பிறகு கூலிச் சனங்கள் யார் வந்து கேட்டாலும், இந்துவானாலும் துலுக்கரானாலும், ஆர்தர் கிளப்பிக்கொண்டு போனார். கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார். அமலம்மாள் விடவில்லை. ஆனால் முன்வரிசைக்குப் போகாமல் தடுப்புக்குப் பின்னால் போய் முழந்தாளிட்டாள். ஏன் என்று ஒருவரும் அவளைக் கேட்கத் துணியவில்லை.

ஒரு மாதம் கழித்து, மணியடிக்கும் கோயில்பிள்ளை கையில் பாக்கியநாதன் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். கனமாக, செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டியிருந்தது. கூடவே ஒரு வார்த்தையும் சொல்லியனுப்பியிருந்தார்: பழையபடி கோயிலுக்கு வந்து போகலாமாம்.

ஆர்தர் அதை அலமாரியின் மேல் வைத்தார். வருஷக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது. வண்டியில் ஒரு காயில் தீய்ந்து, மூன்றில் இருமிக்கொண்டு ஓடிய நாட்களிலும் அவர் அதைத் தொடவில்லை.

"அதுல நாலு காயில் இருக்கேங்க. எடுத்துப் போடக்கூடாதா?" என்றாள் அமலம்மாள்.

"அது வேல செய்யாது."

"பிரிச்சுக்கூடப் பாக்கலியே?"

"நீ கோழிய எறக்கி விடு," என்றார் ஆர்தர். "வண்டிய எடுக்கணும்."