சிவப்புச் சீட்டு

தனகோட்டி கிறிஸ்தவன் இல்லை. முத்தாண்டிக்குப்பத்தில் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்பும் பார்த்த குடும்பம். நெய்வேலி நிலக்கரி மைன்சுக்குக் காண்டிராக்ட் ஆளாக வந்தவன். ஆனாலும் எங்கள் பிளாக்கில் கேரல் பாட்டு கிளம்பினால் கிறிஸ்துமஸ் தாத்தா அவன்தான். அந்த ஆட்டம் வேறு எவனுக்கும் வராது. என் சைக்கிள் கடையில் பெட்ரோமாக்சும் வாடகைக்கு உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு ஒன்பது வருஷம் அவன் கூடவே போயிருக்கிறேன்.

அவனுக்கு இரண்டே சட்டம். முகமூடி மாட்டினால் வாய் திறக்க மாட்டான். ஆடி முடித்ததும் எந்தப் பிள்ளை கை நீட்டினாலும் வெறுங்கையாக விட மாட்டான். ஒரு ஆரஞ்சு மிட்டாயாவது விழும்.

எண்பத்து நாலு நவம்பரில் காண்டிராக்ட் முடிந்தது, ஆளை நிறுத்திவிட்டார்கள். அவன் மனைவி வீராயிக்கு அப்போது ஏழாம் மாதம். நான்தான் என் எதிர்க்கடை கருணாகரனிடம் கூட்டிப்போனேன். ஃபேன்சி கடை. வாசலில் சீரியல் பல்பு, பஞ்சில் பனி. நெய்வேலி வெயிலில் பனி!

"பண்டிகை வரைக்கும் தாத்தாவா வாசல்ல உக்காரு. ஒழுங்கா முடிச்சா குடோன்ல பர்மனென்ட்" என்றார் கருணாகரன். "அம்பது ரூபாய்க்கு வாங்கினா சிவப்புச் சீட்டு. சீட்டு இருக்கிற பிள்ளைக்குத்தான் மிட்டாய்ப் பொட்டலம். இல்லாத கைக்கு ஒண்ணு போச்சு, உன் வேலையும் போச்சு."

"சரிங்க மொதலாளி" என்றான். கேரல்காரர்களிடம் இந்த வருஷம் வர முடியாது என்று சொல்லிவிட்டான்.

குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அம்மாமார்களைப் பிடித்து இழுத்துவந்தார்கள். ஒரு அம்மாள் சீட்டுக்காகவே மூன்று பிளாஸ்டிக் வாளி வாங்கினாள். மாட்டுத் தொழுவத்தில் பாலன் பிறக்கப்போகிற பேச்சே இல்லை; "உங்களுக்கு எத்தனை சீட்டு?" என்பதுதான் பேச்சு.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் நாலு மணி. டவுன்ஷிப் ஓரத்துக் குடிசையிலிருந்து லூர்துமேரி வந்தாள். ஏழு வயது. நேராகப் போய்க் கையை நீட்டினாள்.

தனகோட்டி அசையவில்லை. கடைக் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து கருணாகரன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, நான்தான். போன வருசம் எங்க வூட்டுக்கு வந்தீங்களே. நாயி கொலைச்சிதே!"

தன்னை மறந்துவிட்டார் என்று நினைத்தாள் போல. ஞாபகப்படுத்தக் கேரல் தாளத்தைக் கையால் தட்டினாள். மற்ற பிள்ளைகளும் தட்டின. தனகோட்டியின் கால் தானாக எழுந்தது. ஆடினான். ரோட்டில் போனவனெல்லாம் நின்றான்.

"ஆடு, ஆடு! கூட்டம் சேருது" என்று கருணாகரன் வெளியே வந்தார்.

ஆட்டம் நின்றது. ஆடினால் அடுத்தது மிட்டாய் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். இருபது கை நீண்டது. நாலைந்தில்தான் சீட்டு.

"சீட்டு, சீட்டு! சீட்டு இல்லாததெல்லாம் தள்ளு" என்றார் கருணாகரன். "ஏ பொண்ணு, உன் சீட்டு எங்க?"

லூர்துமேரி அவர் பக்கம் திரும்பவேயில்லை. "தாத்தா குடுப்பாரு" என்றாள்.

தனகோட்டியின் கை மூட்டைக்குள் போயிற்று. எதிரே என் கடை வாசலில் நான் சைக்கிள் பம்பைக் கீழே போட்டுவிட்டு, 'குடுத்துடாதடா பாவி' என்று மனசுக்குள் கத்தினேன். கை வெறுமனே வெளியே வந்தது. நேராக மேலே போய் முகமூடியைக் கழற்றியது.

"நான் தாத்தா இல்ல பாப்பா. கடை ஆளு. தனகோட்டின்னு பேரு. தாத்தா யாருகிட்டயும் சீட்டு கேக்க மாட்டாரு. பொழுது சாஞ்சதும் உன் வூட்டுக்கே வருவாரு, போ."

சின்னப்பிள்ளை ஒன்று வீரிட்டு அழுதது. சீட்டு வைத்திருந்த பையன் அதைக் கீழே போட்டான். கருணாகரன் முகமூடியைப் பிடுங்கினார். "வெளிய போடா! வியாபாரத்தையே கெடுத்துட்டியே!"

எனக்கும் ஆத்திரம்தான். "ஏன்டா, குடுக்கவும் இல்ல, சும்மாவும் இருக்கல. வீராயிக்கு என்ன சொல்லுவ?"

"தெரியலண்ணே" என்றான். "வெளக்குல மண்ணெண்ண இருக்குதா பாரு."

ஏழு மணிக்கு லூர்துமேரி வீட்டு வாசலில் மாதா கோயிலில் கிடந்த பழைய அங்கியும் சாயம் போன முகமூடியும் மாட்டிக்கொண்டு ஆடினான். நான் விளக்கைப் பிடித்திருந்தேன். ஆட்டம் முடிந்ததும் அவள் கை நீட்டவில்லை. அவன் அங்கியைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, கடையில ஒருத்தன் உங்க வேசம் போட்டுகினு குந்திகினு இருந்தான். ஒண்ணுமே குடுக்கல. அவன விடாதீங்க."

தனகோட்டி சரியென்று தலையை ஆட்டினான். அவள் கையில் இரண்டு மிட்டாய் வைத்தான்.