கிணற்றுக்கு இந்தப் பக்கம்

என் சேச்சி, அதாவது அக்கா ஏலிக்குட்டி வயநாட்டில் நிலம் வாங்கப் போகிறாள் என்று கேட்டபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அவள் புருஷன், என் அளியன் ஈப்பனும் கூடவே வருவார் என்பதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

சேச்சி குவாலியரில் நர்ஸ் வேலை பார்த்தவள். வாலிபம் முழுக்க அங்கேதான் போயிற்று. ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ், ஜன்னல் ஓரத்தில் ஒரு டால்டா டப்பா, அதில் ஒரு காந்தாரி மிளகாய்ச் செடி. அவள் செய்த விவசாயம் அவ்வளவுதான். ஓய்வு பெற்றதும் கிடைத்த பணத்தை அப்படியே போட்டுப் புல்பள்ளிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் வாங்கினாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. சமையலுக்கு வேண்டிய காயைச் சொந்த மண்ணில் பறித்து அடுப்பில் வைக்க வேண்டும். இதைப் போய் ஓர் ஆசை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அளியன் கெட்ட மனுஷன் இல்லை. குடிக்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகத் தவற மாட்டார், சேச்சியைக் கை நீட்டி அடித்தது கிடையாது. அவருக்கு இருந்தது ஒரே வியாதி. காலையில் பேப்பரை விரித்தால் செத்தவன் யார், பிழைத்தவன் யார் என்று பார்க்க மாட்டார். நேரே விலை நிலவரத்துக்குப் போவார். எங்கள் ஆட்களுக்கே உள்ள கிறுக்கு இது. விலை ஏறியதைப் பார்த்து நடுவோம். நட்டது காய்க்கிற நேரத்தில் விலை இறங்கியிருக்கும். உடனே பிடுங்குவோம்.

வாங்கும்போது அந்த நிலத்தில் காப்பியும் மிளகும் இருந்தன. வந்த வருஷமே இஞ்சிக்கு நல்ல விலை என்று காப்பியைப் பிடுங்கினார். இஞ்சி கிழங்கு வைப்பதற்குள் விலை தரையில் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் குழி வெட்ட என்னைத்தான் கூப்பிடுவார். சொந்த மச்சினனுக்குக் கூலி கொடுக்க வேண்டாம் இல்லையா!

பிறகு வனிலா வந்தது. அந்தக் காலத்தில் வயநாட்டில் வனிலாவைப் பற்றிப் பேசாத வாயே இல்லை. கல்யாண வீட்டில் பேச்சு அதுதான், சாவு வீட்டிலும் அதுதான்.

“தொம்மி, கடப்பாரையை எடுத்துட்டு வா. மிளகுக் கொடியெல்லாம் வெட்டிடலாம்” என்றார் அளியன்.

“அளியா, மிளகு நல்லா காய்ச்சிட்டு இருக்கே. அதை ஏன் வெட்டணும்?”

“நீ எட்டாம் கிளாஸ்ல ஏன் பெயிலானேன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது.”

சேச்சி அன்றைக்கு வாசலில் வந்து நின்று புருஷனைக் கூப்பிட்டாள். “இச்சாயா, மூணு ஏக்கர்லயும் என்ன வேணும்னாலும் பண்ணுங்க. ஆனா கிணத்துக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு எனக்கு விடுங்க. பச்சையா காய் பறிக்கற கொடிப்பயறு போடணும், வெண்டைக்காய் போடணும். அதுல நீங்க கால் வைக்கக் கூடாது.”

“கர்த்தாவாணை, வைக்க மாட்டேன்டி ஏலி” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கடைசி வரை அந்தத் துண்டில் அவர் கால் வைக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

நட்ட வனிலா ஒருவழியாகப் பூக்க ஆரம்பித்தது. வனிலாப் பூ காலையில் விரியும், மத்தியானத்துக்குள் வாடிவிடும். அதற்குள் ஒவ்வொரு பூவாகப் பிரித்து, உள்ளே இருக்கும் சின்ன மூடியைக் கூரான ஈர்க்குச்சியால் தூக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் காய் கிடையாது. அளியனின் விரல் ஒவ்வொன்றும் நேந்திரங்காய் மாதிரி. அவர் தொட்ட பூவெல்லாம் கிழிந்தது. யாருக்கு நடுங்காத கை? குழந்தைகளுக்கு நரம்பு தேடி ஊசி போட்டவளுக்கு! ஆக, பூக்காலம் முழுவதும் சேச்சி விடிந்ததும் ஈர்க்குச்சியோடு கொடிக்குக் கொடி நடந்தாள். ‘பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிற பாதிரியார்’ என்று அளியன் ஊரெல்லாம் பெருமை அடித்தார். அவள் வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும், இடுப்பு விட்டுப் போயிருக்கும். வெண்டையில் புழு விழுந்தது. புடலங்கொடிக்குப் பந்தல் போட ஆளில்லை. பயறு மட்டும் எப்படியோ பிழைத்துப் பூ விட்டது.

அந்தக் கோடையில் கிணறு வற்றத் தொடங்கியது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து சேச்சியோடு நானும் வந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் வனிலாப் பக்கம் கிடந்தது. இந்தப் பக்கம் மண் வெடித்து, பயற்றுக் கொடி சுருண்டு கிடந்தது.

“என் பயிருக்குத் தண்ணி எங்க இச்சாயா?”

“கொஞ்சம் பொறு ஏலி. அங்க எல்லாம் பிஞ்சா நிக்குது. இப்பத் தண்ணி காட்டலைன்னா கொட்டிப் போகும்.”

“என்னோடது காஞ்சே போச்சு!”

“பயறுதானே, சந்தையில கிடைக்காத பயறா? அந்தக் காயில ஒரு கூடை வித்தா ஒரு லாரி பயறு வாங்கி உன் மடியில கொட்டறேன்.”

சேச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. “முப்பது வருஷம் அடுத்தவங்க மலமும் மூத்திரமும் வாரி வாங்கின மண்ணு இது. ஒரு பிடி பயறு பறிச்சு மெழுக்குப்புரட்டிப் பொரியல் வைக்க எனக்கு வக்கில்லையா?”

“எல்லாம் நமக்காகத்தானே செய்யறேன்?” என்று அவர் கேட்டார். அந்த ஆள் அதை நம்பித்தான் சொன்னார். திட்டவும் முடியவில்லை, தொலையட்டும் என்று விடவும் முடியவில்லை.

காய் பெருத்தபோது திருட்டுப் பயம் வந்தது. எல்லாரும் செய்ததுபோல அளியனும் ஒவ்வொரு காயிலும் குண்டூசியால் தன் அடையாளத்தைக் குத்தினார். அதாவது, சேச்சியைக் குத்த வைத்தார். அறுவடை ஆனதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் அவரும் பஸ் ஏறிச் சந்தைக்குப் போனோம். மலைச்சரக்கு வியாபாரி ஹாஜியார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“ஈப்பா, போன வருஷம் வந்திருந்தா உன்னைக் கட்டிப் பிடிச்சிருப்பேன்.”

“இப்ப என்ன ஆச்சு?”

“இறங்கிப் போச்சு. கேக்க ஆளில்லை. இதைக் குழம்புல போட முடியுமா, ஊறுகாய் போட முடியுமா? வெள்ளைக்காரன் ஐஸ்கிரீம் தின்னாத்தானே நமக்குக் கஞ்சி? வீட்டுக்கு எடுத்துட்டுப் போ.”

திரும்பி வரும்போது, குண்டல்பேட்டையிலிருந்து காய்கறி லாரி வந்து நின்றிருந்தது. அளியன் அதில் ஒரு கட்டுப் பயறு வாங்கினார், சமாதானத்துக்கு. வாடிச் சாம்பிப்போன பயறு. சேச்சி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். நேரே போய்ப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த பூக்காலத்தில் ஒரு நாள் விடிந்ததும் அளியன் அவளைத் தட்டி எழுப்பினார். “ஏலி, பூ விரிஞ்சிருக்கு. விலை திரும்ப ஏறுமாம், பேப்பர்ல போட்டிருக்கான்.”

“விரியட்டும்.”

“வாடிப் போயிடுமேடி!”

“வாடட்டும்” என்று அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனாள். அவர் ஈர்க்குச்சியோடு தனியாகத் தோட்டத்துக்குப் போய்ப் பூக்களைக் கிழித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் எல்லாம் வாடி விழுந்தன. பிறகு தண்ணீருக்குப் போட்டி இல்லை. வெண்டை எழுந்தது, காந்தாரி காய்த்தது. பயறு பந்தலில் ஏறிச் சரம் சரமாகத் தொங்கியது. முதல் காய் பறித்து, தேங்காய்ப் பல் போட்டு மெழுக்குப்புரட்டி வைத்தாள். நானும் இருந்தேன். அளியன் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சேச்சி பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நினைத்தேன், மடையன்!

மறுநாள் காலை அளியன் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பந்தலருகே வந்தார். வேலிக்கு வெளியேதான் நின்றார். கையில் எங்கிருந்தோ கடன் வாங்கிய தராசு.

“ஏலி, பயறுக்கு இப்ப நல்ல விலையாம்டி. இதை இன்னைக்கே சந்தைக்கு அனுப்பலாம். வனிலாவை வெட்டிட்டு மூணு ஏக்கர்லயும் பயறே போட்டா என்ன? தொம்மியும் இருக்கான்.”

சேச்சி கூடையை எடுத்தாள். முற்றல், பிஞ்சு என்று பார்க்காமல் கொடி கொடியாக உருவினாள். பந்தல் மொட்டையானது.

“தொம்மி, இந்தா. இந்தப் பாதையில இருக்கற எல்லா வீட்டுக்கும் குடு. எவன்கிட்டயாவது பைசா வாங்கின, கையை ஒடிச்சுடுவேன்.”

“ஏலி, ஏலி!” என்று அளியன் பதறினார். “எடையாவது போட்டுட்டுக் குடுடி!”

“எதுக்கு?”

“எவ்வளவு போச்சுன்னு தெரிய வேண்டாமா?”

சேச்சி கிணற்று விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் ஓடியது, துடைத்துக்கொள்ளவில்லை.

“எவ்வளவு போச்சுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது இச்சாயா” என்றாள்.

அளியன் தராசைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் வீட்டைப் பார்த்து நடந்தேன்.