கெண்டைக்கால் பார்த்துச் சொன்ன யோசனை

கல்லூரியில் ஆலோசகர் சொல்வதை மறுத்தால் தள்ளிவைத்துவிடுவார்கள் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்த் தலைவரான நாட்டான் தீர்ப்பு சொன்னால் வெற்றிலை பாக்கு வைத்து ஏற்றுக்கொள்வது வழக்கம். மீறியவனோடு ஒருவரும் பேச மாட்டார்கள். கீழேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

நேற்று முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். அந்த நெடி ஏறியதும் திருப்பத்தூரில் படித்த நாட்கள் வந்துவிட்டன.

முதலாண்டு இயற்பியலில் மலையிலிருந்து நானும் சின்னையனும்தான். எங்களுக்கு வழிகாட்ட ஒரு பேராசிரியரை ஆலோசகராகப் போட்டிருந்தார்கள். மேசைமேல் எங்கள் மதிப்பெண் பட்டியல் கிடந்தது. அந்தப் பெருமகன் அதைத் தொடவில்லை. சந்தையில் மாடு பிடிக்க வந்தவர்போல எங்கள் கெண்டைக்காலைப் பார்த்தார்.

"மலைப் பசங்களா? பிசிக்ஸ்லாம் ஒங்களுக்கு ஏறாதுடா. ஹிஸ்டரிக்கு மாறிக்கினு கிரவுண்ட்ல ஓடுங்க. போலீஸ்ல எடுத்துப்பான்."

எனக்கு இயற்பியல் பிடிக்கும். ஓட்டமோ, பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. எங்கள் மலையில் ஏறும் பேருந்தை நடந்தே பிடிக்கலாம். ஆனால் தீர்ப்பாயிற்றே. மறுநாள் தட்டில் வெற்றிலை பாக்கோடு அவர் முன் நின்றேன். மேதை ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளியபடி கேட்டார்: "சுண்ணாம்பு எங்கடா?"

அன்று மாலையே ஓடினேன். பாதிச் சுற்றில் விழுந்து முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. சின்னையன்தான் அறைக்குத் தூக்கிவந்து தைலம் தேய்த்தான்.

"வெத்தலையும் வெச்சிட்டு மாறலன்னா இன்னாடா ஆவும்?" என்று கேட்டேன்.

"காலேஜ வுட்டே தள்ளி வெச்சிருவாங்க மச்சான். நான் நாளைக்கே மாறிட்றேன்." அவனும் எங்கள் ஊர்தானே.

நான் படுத்துக் கிடந்ததில் துறை மாறுவதற்கான கடைசி நாள் போய்விட்டது. நொண்டிக்கொண்டே மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"சார், ஹிஸ்டரிக்கு மாற முடியலங்க சார்."

அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒன்ன யாரு மாறச் சொன்னா?"

"நீங்கதாங்க சார்."

"நானா? நீ இன்னா கிளாசு? இருக்கறதுன்னா இரேன்பா."

மூன்று வாரம் தூக்கம் கெட்டது இந்த ஞானிக்காகத்தான். அவருடைய அறை இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். முன்பைவிட உபயோகமாக இருக்கிறது.

நான் இயற்பியலே படித்து முடித்தேன். சின்னையன் சொன்னபடி மாறினான், சொன்னபடி ஓடினான். போலீஸ் தேர்வில் உயரம் போதவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவன் கல்லூரிக்கு வரவில்லை.